போகும்போது வலிக்காத சீட் திரும்பும்போது ஏன் வலிக்கிறது?

நீங்கள் எழுதியதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், நான் புரிந்துகொண்டது சரியா என்று பார்க்க. வயது 41. ஆறு மாதம் முன்பு கியர் வைத்த ஹைபிரிட் சைக்கிள் வாங்கினீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு மூன்று நண்பர்களுடன் வடசென்னை தண்டையார்பேட்டையில் கிளம்பி மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போகிறீர்கள். போகும்போது ஒன்றும் தெரிவதில்லை. திரும்பும்போது பொன்னேரி தாண்டியதும் சீட்டில் உட்கார முடியவில்லை, தொடை இடுக்கு எரிகிறது, முன்பக்கம் மரத்துப்போகிறது. ஜெல் கவர் வாங்கிப் போட்டீர்கள், இன்னும் மோசமாகிவிட்டது. நண்பர் "பழகிடும் விடு" என்கிறார். எந்த சீட் வாங்கலாம், மழைக்காலத்தில் ஓட்டலாமா என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியிலேயே விடையில் பாதி இருக்கிறது. அதே சீட், அதே உடம்பு, அதே சாலை. போகும்போது இல்லாத வலி திரும்பும்போது வருகிறது என்றால், குறையை முழுக்க சீட் மேல் போட முடியாது. இடையில் வேறு எது மாறியது என்று பார்க்க வேண்டும். நான் பிசியோதெரபி படித்தவன், பெரம்பூர் பக்கம் பதினாறு வருடமாக முதுகு, இடுப்பு, முழங்கால் வலிக்காரர்களைப் பார்க்கிறேன். பன்னிரண்டு வருடமாக நீங்கள் போகிற அதே சாலையில் சைக்கிளும் ஓட்டுகிறேன். எலும்பு, தசை, உட்காரும் விதம் பற்றி உறுதியாகச் சொல்வேன். தோல், சிறுநீர் பாதை சம்பந்தப்பட்ட இடம் வந்தால் ஓரளவோடு நிறுத்திக்கொண்டு மருத்துவரிடம் அனுப்புவேன்.

உறுதியான விஷயத்திலிருந்து தொடங்குகிறேன். ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் பின்பக்கத்துக்கு அடியில் வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரு கெட்டியான முட்டு தட்டுப்படும். இடுப்பெலும்பின் அடி முனைகள் அவை. உட்காரும்போது உடம்பின் பாரத்தைத் தாங்குவதற்கென்றே உடலில் இருக்கும் இடம் அதுதான். இரண்டுக்கும் நடுவே இருப்பது மென்மையான சதை. அதற்குள்தான் பிறப்புறுப்புக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. பாரம் எலும்பில் நின்றால் முதல் சில நாள் வலிக்கும், பிறகு அடங்கும். பாரம் நடுச்சதைக்கு வந்தால் மரத்துப்போகும். உங்கள் நண்பர் சொன்ன "பழகிடும்" எலும்பு நோவுக்குப் பொருந்தும். வாரத்தில் மூன்று நாள் கொஞ்ச தூரம் ஓட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் அது குறைவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். மரத்துப்போவதற்கு அந்தப் பேச்சே கூடாது. அதைப் பழக்கிக்கொள்ளக் கூடாது.

ஜெல் கவர் ஏன் மோசமாக்கியது என்பதும் இதிலிருந்தே புரியும். பஞ்சு மாதிரி மெத்தையில் எலும்பு முனைகள் அமுங்கி உள்ளே போய்விடும். அவை அமுங்க அமுங்க நடுவில் இருக்கும் ஜெல் மேலே பிதுங்கி, எங்கே அழுத்தம் கூடாதோ அங்கேயே அழுத்தும். கடையில் கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கும்போது சொகுசாகத் தெரிவது, முப்பது கிலோமீட்டர் தாண்டியதும் எதிரியாகிவிடும். நானும் 2014-இல் அப்படி ஒரு தடித்த மெத்தை சீட் போட்டுக்கொண்டு இதே பழவேற்காட்டுக்குப் போனேன். டச்சுக் கல்லறை வாசலில் இறங்கியபோது தொடையின் உட்பக்கம் உணர்வே இல்லை. உடம்பைப் பற்றிப் படித்தவனுக்கே அன்று பயம் வந்துவிட்டது. கவரை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

இப்போது திரும்பும் வழிக்கு வருகிறேன். அங்கே மாறுவது காற்று. நீங்கள் ஏப்ரலில் போயிருக்கிறீர்கள். விடிவதற்கு முன் நம் பக்கம் காற்று லேசாக நிலத்திலிருந்து கடல் பக்கம் வீசும், இல்லையென்றால் அசைவே இருக்காது. வெயில் ஏறி நிலம் சூடானதும் கடலிலிருந்து காற்று புறப்படும். மார்ச், ஏப்ரலில் அது பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வரும், ஒன்பது பத்து மணிக்கே வேகம் பிடித்துவிடும். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரை நீங்கள் தென்மேற்கே வருகிறீர்கள். அப்போது காற்று பக்கவாட்டில். பொன்னேரியில் திரும்பி மீஞ்சூரை நோக்கினால் சாலை தென்கிழக்கே போகிறது, அதாவது நேராகக் காற்றின் வாய்க்குள். வலி பொன்னேரி தாண்டியதும் தொடங்குகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடனே எனக்கு இதுதான் தோன்றியது.

எதிர்க்காற்று வந்தால் நாம் என்ன செய்கிறோம்? யாரும் சொல்லாமலே குனிகிறோம். குனியும்போது இடுப்பு முன்பக்கமாகச் சுழலும். பாரம் எலும்பு முனையை விட்டு நகர்ந்து முன்னால் இருக்கும் சதைக்குப் போகும். உடனே சீட்டின் மூக்குப் பக்கம் சறுக்கி உட்காருவோம், அங்கே அகலமும் குறைவு. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கால் களைத்துவிட்டது. காலையில் நீங்கள் பெடலை நன்றாக மிதிக்கும்போது உடம்பின் பாரத்தில் ஒரு பங்கைக் கால்களே தாங்குகின்றன. கால் ஓய்ந்ததும் அந்தப் பங்கும் சீட் மேல் இறங்கும். காலையில் லேசாக உட்கார்ந்த அதே ஆள், பதினோரு மணிக்கு மூட்டையாக உட்காருகிறார். வியர்வையில் ஊறிய துணி வேறு. மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கூடுகின்றன.

அதனால் முதல் வைத்தியம் காசில்லாதது. எதிர்க்காற்று தொடங்கியதும் ஒன்றிரண்டு கியர் குறைத்து, வேகம் போனால் போகட்டும் என்று மிதியுங்கள். குனிவதென்றால் முழங்கையை மடக்கிக் குனியுங்கள், இடுப்பை உருட்டாதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று இருபது எண்ணுங்கள். அழுத்தப்பட்ட இடத்துக்கு ரத்தம் திரும்புவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. எழுந்து உட்காரும்போது சீட்டின் பின்பக்க அகலத்தில் உட்காருகிறோமா என்று கவனியுங்கள். நான்கு பேர் போகிறீர்கள் இல்லையா, முறை வைத்து ஒருவர் பின்னால் ஒருவர் ஓட்டினால் பின்னால் வருபவருக்குக் காற்றுச் சுமை கணிசமாகக் குறையும். ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் என்று முன்னால் மாறிக்கொள்ளுங்கள். ஆனால் இதைப் பொன்னேரி, மீஞ்சூர் நடுவே ஆளில்லாத நேரத்தில் மட்டும் செய்யுங்கள். கண்டெய்னர் டிரெய்லர்கள் ஓடும் எண்ணூர், மணலி சாலைகளில் முன்னால் போகும் சைக்கிளை ஒட்டி ஓட்டவே வேண்டாம். டிரெய்லரின் இடது ஓரம் ஓட்டுநர் கண்ணுக்குப் படாத இடம். அவர் இடப்பக்கம் திரும்பினால் பின்வண்டி உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நின்ற டிரெய்லரின் இடதுபுறம் நுழைந்து முன்னேறுவதை நான் இதுவரை ஒரு நாளும் செய்ததில்லை, என்னோடு வருபவர்களையும் செய்ய விட்டதில்லை.

அடுத்து உயரம். நீங்கள் அனுப்பிய படத்தில் பார்த்தால் சீட் தாழ்வாக இருக்கிற மாதிரி தெரிகிறது, படத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். நீங்களே பாருங்கள்: சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கடைசி வரை கொண்டுபோய் அதன் மேல் குதிகாலை வையுங்கள். முழங்கால் நேராக நிற்க வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரி. இன்னொரு கணக்கும் உண்டு. செருப்பில்லாமல் நின்று கவட்டிலிருந்து தரை வரை அளந்து 0.883-ஆல் பெருக்கினால், பெடல் கைகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்புறம் வரை இருக்க வேண்டிய நீளம் கிடைக்கும். 80 சென்டிமீட்டர் என்றால் சுமார் 70.6. இது தொடக்கத்துக்கு ஓர் எண், அவ்வளவுதான். சீட் தாழ்ந்திருந்தால் கால் முழு பலத்தில் இறங்காது, பாரம் எல்லாம் சீட்டில் நிற்கும், முழங்காலின் முன்பக்கமும் வலிக்கும். மிக உயர்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு ஆடும், அந்த உரசல்தான் தொடை இடுக்கைக் கிழிக்கும். ஒரே நாளில் இரண்டு சென்டிமீட்டர் ஏற்றாதீர்கள். ஐந்து மில்லிமீட்டர் ஏற்றி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

ஏற்றப் போனால் நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சிக்கல் வரும். கடல் உப்புக்காற்றில் சீட் பில்லர், அதாவது சீட்டைத் தாங்கும் குழாய், ஃபிரேமுக்குள் இறுகிப்போயிருக்கும். அலுமினிய பில்லரும் இரும்பு ஃபிரேமும் உப்பு ஈரத்தில் சேர்ந்தால் அரித்துக் கெட்டிப்பட்டுவிடும். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் வீட்டு வாசலில் நிற்கும் பல சைக்கிள்களில், சீட் எந்த உயரத்தில் வந்ததோ அந்த உயரத்திலேயே நிற்பதற்குக் காரணம் இதுதான். கழற்ற முடிந்தால் துடைத்து, கிரீஸ் தடவி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உருவிப் போடுங்கள். பில்லரில் குறைந்தபட்ச ஆழத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கும், அது வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றாதீர்கள். இறுகியிருந்தால் சுத்தியலால் அடிக்காமல் கடையில் கொடுங்கள். சாய்வையும் பாருங்கள்: ரசமட்டம் வைத்தோ மொபைலில் இருக்கும் மட்டம் பார்க்கும் கருவி வைத்தோ சீட்டைச் சமமாக்குங்கள். மூக்கு மேலே தூக்கியிருந்தால் நேராக நரம்பில் குத்தும். ஓரிரு டிகிரி கீழே இறக்கலாம். அதற்கு மேல் இறக்கினால் முன்னால் சறுக்கிக்கொண்டே வந்து பாரம் மணிக்கட்டுக்குப் போய்விடும்.

இத்தனையும் செய்த பிறகுதான் சீட் வாங்கும் கேள்வி. அளவு எடுக்க ஓர் எளிய வழி: அட்டைப்பெட்டியின் நெளி அட்டையில் ஒரு துண்டு வெட்டி, கெட்டியான ஸ்டூல் மேல் வைத்து, மெல்லிய உடையோடு அதன் மேல் உட்காருங்கள். கொஞ்சம் முன்னால் சாய்ந்து ஒரு நிமிடம் அப்படியே இருங்கள். எழுந்து பார்த்தால் இரண்டு குழி தெரியும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடு வரை அளக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது 100-இலிருந்து 160 மில்லிமீட்டருக்குள் வரும். அதோடு 20 முதல் 30 மில்லிமீட்டர் கூட்டினால் உங்களுக்கு வேண்டிய சீட்டின் அகலம். உடல் பருமனுக்கும் இந்த எலும்பு இடைவெளிக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது, ஆளைப் பார்த்து அகலச் சீட் எடுத்துக் கொடுக்கும் கடைக்காரரை இதில் நம்ப வேண்டாம். பெண்களுக்குச் சராசரியாக இடைவெளி அதிகம். ஆனாலும் பெண்களுக்கான சீட் என்ற பெயரை நம்பாமல் அவர்களும் அளந்துதான் வாங்க வேண்டும். கெட்டியான, நடுவில் பள்ளமோ திறப்போ உள்ள சீட்டைத்தான் நான் முதலில் சொல்வேன். நடுத்திறப்பு எல்லோருக்கும் உதவும் என்று மட்டும் சொல்ல மாட்டேன். சிலருக்கு அந்தத் திறப்பின் விளிம்பே உறுத்துகிறது. திருப்பித் தர ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குங்கள், இல்லை என்றால் நண்பரிடம் ஒரு வாரம் இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள்.

மரத்துப்போவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதைக் கேட்கவே பலர் கூச்சப்படுகிறார்கள். அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் ஆண் காவலர்களுக்கு மூக்கில்லாத சீட் கொடுத்து ஆறு மாதம் கவனித்த ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது. தொடக்கத்தில் மரத்துப்போவதே இல்லை என்றவர்கள் 27 சதவீதம். ஆறு மாதம் கழித்து அது 82 ஆனது. சீட்டின் மூக்கு அழுத்தம் தருகிறது, அதை எடுத்தால் மரத்துப்போவது குறைகிறது என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் சைக்கிள் ஓட்டினால் ஆண்மை போய்விடும் என்று பரவும் பேச்சுக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. நீச்சல்காரர்கள், ஓட்டக்காரர்களோடு ஒப்பிட்ட பெரிய கணக்கெடுப்பில் சைக்கிள்காரர்கள் மோசமாக இல்லை. உங்களுக்கு நான் சொல்வது: இறங்கிய சில நிமிடத்தில் உணர்வு திரும்பினால் உயரம், சாய்வு, எழுந்து நிற்பது ஆகியவற்றைச் சரி செய்யுங்கள். மறுநாள் வரை நீடித்தாலோ, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிறுநீரியல் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு மேல் என் வேலை இல்லை.

எரிச்சலுக்குக் காரணம் வியர்வை. நாம் அதிகாலை என்றால் குளுமை என்று நினைக்கிறோம். வெப்பம் குறைவுதான், ஆனால் ஈரப்பதம் நாளிலேயே உச்சத்தில் இருப்பது அந்த நேரம். வியர்வை காயாமல் வழியும், துணி ஊறும், தோல் ஊறும், ஊறிய தோல் சீக்கிரம் உரியும். ஜீன்ஸும் தடித்த தையல் உள்ள பருத்தி உள்ளாடையும் இந்தத் தூரத்துக்கு ஆகாது. உள்ளே மெத்தை வைத்த சைக்கிள் ஷார்ட்ஸ் வாங்குங்கள். அதற்குள் உள்ளாடை போடக் கூடாது. இதைச் சொல்லாமல் விட்டதால் ஷார்ட்ஸ் வாங்கியும் பலன் இல்லை என்று வந்தவர்கள் என்னிடம் நிறைய. சீட்டுக்கு ஜெல் கவர், ஷார்ட்ஸுக்கு மெத்தை என இரண்டையும் சேர்க்காதீர்கள். உரசும் இடத்தில் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். பவுடர் வேண்டாம், வியர்வையில் உருண்டு மணல் மாதிரி ஆகிவிடும். வீடு வந்ததும் முதல் வேலை குளியல், ஷார்ட்ஸைத் துவைத்து வெயிலில் காயப்போடுவது. டீக்கடையில் ஈரத் துணியோடு ஒரு மணி நேரம் அரட்டை அடிப்பது தோலுக்கு நூறு கிலோமீட்டரைவிடக் கெடுதல்.

வட்டமாகச் சிவந்து ஓரம் தடித்து அரித்தால் அது உரசல் இல்லை, பெரும்பாலும் படர்தாமரை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே போகும், பிறகு குணப்படுத்துவதும் கடினம். தோல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

டயர் காற்றைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு, நாம் அடிக்க வேண்டிய அளவு அது இல்லை. உங்கள் 35 மில்லிமீட்டர் டயருக்கு, எழுபது கிலோ ஆளுக்கு, 50-இலிருந்து 60 பி.எஸ்.ஐ. போதும். லாரிகள் உழுது போட்ட சாலையில் 80 அடித்து ஓட்டினால் ஒவ்வொரு குழியும் முதுகுத்தண்டுக்கே வரும். இது பாதி அனுபவக் கணக்கு, ஐந்து ஐந்தாகக் குறைத்து நீங்களே கண்டுபிடியுங்கள்.

வெயிலுக்கு வருகிறேன். கத்திரி நடக்கும் மே மாதத்தில் பழவேற்காடு வேண்டாம், புழல் ஏரி, சோழவரம் பக்கம் போய் எட்டு மணிக்கு வீட்டில் இருங்கள். எவ்வளவு குடிக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். கிளம்பும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் போதவில்லை. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். உப்பு போட்ட நீர்மோர், வழியில் கிடைக்கும் கேழ்வரகு கூழ், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், எது கிடைத்தாலும் நல்லது. உடன் வருபவர் சம்பந்தமில்லாமல் பேசினாலோ தள்ளாடினாலோ வியர்வை இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் நிழலில் கிடத்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, 108-ஐக் கூப்பிடுங்கள்.

மழைக்காலத்தில் நிறுத்த வேண்டியதில்லை, வழியை மாற்றுங்கள். நவம்பர், டிசம்பரில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால் உங்கள் கதை தலைகீழாகும்: பொன்னேரி, பழவேற்காடு நடுவே போகும்போது எதிர்க்காற்று, வரும்போது தள்ளிவிடும். எனக்கு அந்த மாதங்களில்தான் இந்தச் சாலை பிடிக்கும், ஏரியில் பூநாரைகளும் வந்திருக்கும். ஆனால் தேங்கிய தண்ணீருக்குள் அடி தெரியாமல் இறங்காதீர்கள், மூடி திறந்த சாக்கடைக் குழி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. துறைமுகத்துக்குப் போகும் தண்டவாளங்களைச் செங்குத்தாகக் கடந்து போங்கள். கொருக்குப்பேட்டை பக்கம் ஒரு தூறலில் சாய்வாகக் கடந்து நான் விழுந்து மணிக்கட்டில் ஆறு வாரம் கட்டுப் போட்டிருந்தேன். சாலையில் போட்ட வெள்ளைக்கோடும் நனைந்தால் அப்படியே வழுக்கும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் நனைந்ததும் தாமதமாகத்தான் பிடிக்கும், முன்கூட்டியே லேசாக அழுத்தித் துடைத்துக்கொண்டே வாருங்கள். இடி கேட்டால் பழவேற்காடு சாலையின் வெட்டவெளியில் நிற்கக் கூடாது, தனி மரத்தடியிலும் கூடாது. ரப்பர் டயர் மின்னலிலிருந்து காக்காது. கட்டடத்துக்குள் போய், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள்.

வரும் ஞாயிறு பழவேற்காட்டை விட்டுவிட்டு மீஞ்சூர் வரை மட்டும் போய் வாருங்கள். கவரைக் கழற்றி, உயரத்தைச் சரி பார்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று ஓட்டுங்கள். அட்டையில் வந்த அளவு, இப்போதிருக்கும் சீட்டின் அகலம், எந்த இடத்தில் எத்தனை மணிக்கு வலி தொடங்கியது, அப்போது காற்று எந்தப் பக்கம், இந்த நான்கையும் எழுதுங்கள். பக்கவாட்டிலிருந்து யாரையாவது ஒரு படமும் எடுக்கச் சொல்லுங்கள், பெடல் அடியில் இருக்கும்போது. அதை வைத்து சீட் மாற்ற வேண்டுமா என்று சொல்கிறேன்.